வேலிப் பொட்டில் வைத்த டெக்

ஒரு டெக்கை ஒரு ரீவியோடு இணைப்பது தொழில். அதே டெக்கை இரண்டு ரீவியோடு இணைப்பது அடுத்தவர் குடும்ப விவகாரத்தில் தலையிடுவது.

எண்பதுகளில் கோப்பாயில் எனக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. ரீவி, றேடியோ திருத்துவேன். வீடியோ கசற் போட்டுப் படம் காட்டும் டெக் ஒன்றும் வாடகைக்குக் கொடுப்பேன். சவுதியில் வேலை செய்து திரும்பிய ஒருவரிடம் வாங்கிய பழைய டெக் அது. தூக்கினால் இடுப்புப் பிடிக்கும். அதன் பின்பக்கத்தில் மூன்று நிலையுள்ள ஒரு சின்னச் சுவிச் இருந்தது. அதற்கு வேலை வந்ததே இல்லை. நானும் அதைத் தொட்டதில்லை.

உங்களில் பலர் ரீவிக்குப் பின்னால் குனிந்து நின்று வயரைப் பிடித்துக்கொண்டு, "இப்ப தெரியுதோ?" என்று கத்தியிருப்பீர்கள். முன்னால் இருப்பவர் படத்தில் மூழ்கிப்போய்ப் பதில் சொல்லாமல் இருந்திருப்பார். கழுத்து வலிக்கும், கையை எடுத்தால் படம் போய்விடும். அந்த வேதனையை அறிந்தவர்கள் இதை வாசித்து ஆறுதல் அடையலாம்.

முழுக்க மழை

பருத்தித்துறையில் ஒரு படகுக்காரர் வீட்டில் பெரிய விருந்து. ஆண்கள் முன் விறாந்தையில், பெண்கள் பின்னால், சமையல் நடக்கும் குசினிப் பக்கத்தில். இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் படம் ஓட வேண்டும் என்றார் வீட்டுக்காரர். ஒரு வயரை இரண்டாகப் பிரிக்கும் சின்னத் தகரப் பெட்டி ஒன்று என்னிடம் இருந்தது. அதைப் பூட்டி, முற்றத்தைச் சுற்றிப் பின்பக்கம் வரைக்கும் வயர் இழுத்தேன்.

தண்ணீர்க் குழாய் நீள நீளக் கடைசிச் செடிக்குத் தண்ணீர் குறைவதுபோல, வயர் நீள நீளப் படத்தின் பலமும் குறையும். முன்னால் படம் பளிங்கு மாதிரி. பின்னால் திரை முழுக்க வெள்ளைப் புள்ளி. பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் அப்போது என்னிடம் இல்லை. பேச்சு வாங்கத் தயாராகித்தான் படம் முடிந்தபின் பின்பக்கம் போனேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். "படம் நல்லம் தம்பி. பாவங்கள், முழுக்க மழைக்கை நிண்டெல்லோ நடிச்சிருக்குதுகள்."

எந்தக் கூறை?

அடுத்தது தெல்லிப்பழையில். ஒரு கலியாணத்தின் வீடியோ வந்திருந்தது. பார்க்க வந்தவர்கள் அதிகம் என்பதால் அயல்வீட்டு ரீவிகளையும் வாங்கி வைத்திருந்தார்கள். ஹோலில் ஒன்று, அறையில் ஒன்று, விறாந்தையில் ஒன்று. இம்முறை பூஸ்டர் கொண்டுபோயிருந்தேன். மூன்றிலும் படம் தெளிவு. பெருமையோடு கைகட்டி நின்றேன்.

மாப்பிள்ளை வீட்டார் எடுத்துக் கொடுக்கும் கலியாணச் சேலைதான் கூறை. மாப்பிள்ளையின் தாயார் ஹோலில் பார்த்தார், கூறை சிவப்பு. அறைக்குள் எட்டிப் பார்த்தார், செம்மஞ்சள். விறாந்தைக்கு வந்தார், அங்கே ரோசாப்பூ நிறம். ஒவ்வொரு ரீவியும் நிறத்தைத் தன் பாட்டில் காட்டும் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, நாங்கள் எடுத்தது ஒரு கூறை. பொம்பிளை மூண்டு கட்டியிருக்கிறாள். மற்ற ரெண்டையும் ஆர் எடுத்துக் குடுத்தது?"

கூரை வயர்

இனிச் சொல்லப்போவது என் கடைக்குக் கிட்ட இருந்த இரண்டு வீட்டின் கதை. கிழக்குப் பக்க வீட்டில் மகேஸ் அக்கா. கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகன் குமரன் கனடாவில். மேற்குப் பக்க வீட்டில் அவரின் தம்பி சிவலிங்கண்ணை, அவரின் மனைவி பவளம் அக்கா. இரண்டு வளவுக்கும் நடுவில் தென்னோலை பின்னிய கிடுகு வேலி. வேலியில் ஆள் குனிந்து போகக்கூடிய ஒரு பொட்டு. அந்தப் பொட்டு வழியாகத்தான் கறிவேப்பிலையிலிருந்து புதினம் வரைக்கும் எல்லாம் போய் வந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகேஸ் அக்கா டெக் எடுத்தார். ரீவிக்குப் பின்னால் இரண்டு திருகாணி இருக்கும். கூரையில் நிற்கும் அன்ரனாவிலிருந்து வரும் வயரை அதில் முறுக்கியிருப்பார்கள். டெக்கைப் பூட்ட முன்னர் அந்தக் கூரை வயரைக் கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் டெக்கின் வயரையும் அதே திருகாணியில் முறுக்கினால், படத்தைப் பிடிப்பதற்காக நிற்கும் அன்ரனா படத்தைக் கொடுக்கத் தொடங்கிவிடும். அயலில் உள்ள ரீவிகளிலும் அது தெரியும்.

இதை விளக்கித் திருகாணியில் கை வைத்தேன். மகேஸ் அக்கா விடவில்லை. கழற்றினால் திரும்பப் பூட்டும்போது இந்தியத் தொலைக்காட்சி தெரியாமல் போய்விடும் என்று பயம். கழற்றத்தான் வேண்டும் என்று மன்றாடிப் பார்த்தேன். "சிவம் காலமை முழுக்க முகட்டிலை நிண்டு அன்ரனாவைத் திருப்பித் தந்தவன் தம்பி. தொடாதேங்கோ. நாங்கள் போடுற படத்தை அயலுக்குள்ளை ஆர் பாக்கப்போகினம்?"

தானாக வந்த படம்

அன்றைக்கு மகேஸ் அக்கா தம்பிக்காக வடை சுட்டார். முன்வரிசையில் ஒரு கதிரையும் போட்டு வைத்தார். "வெங்காயத்துக்குத் தண்ணி மாறிப்போட்டு வாறன்" என்று சொல்லி, பாத்தி பாத்தியாகத் தண்ணீர் திருப்பிவிடத் தோட்டத்துக்குப் போயிருந்தார் சிவலிங்கண்ணை. தோட்டத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் போனால், பவளம் அக்கா போட்டுவிட்ட ரீவியில் அதே படம் ஓடிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் பார்த்துவிட்டு அங்கே போவோம் என்று குந்தினார். படம் முடியும் வரைக்கும் எழும்பவில்லை.

மறுநாள் கிணற்றடியில் பவளம் அக்கா கள்ளமில்லாமல், "அந்தக் கடைசிச் சண்டை நல்லாயிருந்தது மச்சாள்" என்றார். மகேஸ் அக்கா வாளியைக் கீழே வைத்தார். படம் பார்த்தது அவருக்குப் பிரச்சினை இல்லை. ஆறிப்போன வடையும் வெறுமனே கிடந்த கதிரையும்தான் பிரச்சினை. "படம் பாக்க அவனுக்கு நேரமிருந்திருக்கு. என்ரை வீட்டு வாசலை மிதிக்கத்தான் நேரமில்லை" என்றார். தம்பிக்காரருக்கு அது போய்ச் சேர்ந்தது. "நான் ஆற்றையும் படத்தைப் போய் எடுக்கேல்லை. அது தானா என்ரை வீட்டுக்கு வந்தது" என்று இவர் சொன்னது அங்கே போய்ச் சேர்ந்தது.

பின்னேரம் மகேஸ் அக்கா ஆள் பிடித்துப் பொட்டைக் கிடுகு வைத்துக் கட்டினார். கட்டும்போது இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கம் கேட்கும்படியாக, கட்டுகிற ஆளிடம் சொன்னார். "இறுக்கிக் கட்டு. இனி ஒண்டும் தானா அங்காலை போகக்கூடாது."

ஆளுக்காள் சம்மதம்

வருடங்கள் போயின. சிவலிங்கண்ணையின் மகள் வதனி, தாயின் தங்கை கூப்பிட்டுக் கனடாவுக்குப் போனாள். அங்கே மச்சானும் மச்சாளும் சந்தித்தார்கள். கலியாணம் செய்யப்போகிறோம் என்று குமரன் தன் தாய்க்கும் வதனி தன் தாய்தகப்பனுக்குமாக அறிவித்தார்கள். இரண்டு வீட்டாரும் ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை கதைக்காமல், தனித்தனியே சம்மதம் சொன்னார்கள். சண்டைக்காரர்கள் சம்பந்திகளானார்கள். பொட்டு மட்டும் கட்டினபடியே கிடந்தது.

மகேஸ் அக்காவிடம் ஒரு கூறை இருந்தது. தலைமன்னாரிலிருந்து கப்பல் ஓடிய காலத்தில் தம்பியோடு இந்தியாவுக்குக் கோயில் பார்க்கப் போனபோது, வரப்போகும் மருமகளுக்கென்று வாங்கியது. அரக்குச் சிவப்பு. வாங்கியதும் தோளில் சுமந்து வந்தவர் சிவலிங்கண்ணை. கொண்டு வந்து அலுமாரியில் பூட்டியதை வேறு ஒருவருக்கும் விரித்துக் காட்டவில்லை. அந்தக் கூறையைக் கனடாவுக்குப் போன ஒருவரின் கையில் கொடுத்தனுப்பினார். அதன்பின் யாரோ ஒருவர், அங்கே கலியாணப் பொம்பிளைகள் தங்களுக்குப் பிடித்ததைக் கடையில் எடுத்துக் கட்டுகிறார்கள், ஊரிலிருந்து போகிற கூறை பெட்டியில் கிடக்கிறது என்று சொல்லிவிட்டார்.

மகனிடம் கேட்டால் மருமகளைச் சந்தேகப்பட்டதாகிவிடும். மருமகளின் தாய்தகப்பனிடம் கேட்க முடியாது, வேலி இருக்கிறது. இதை என் கடையில் வந்து, ஒரு றேடியோவைத் திருத்தக் கொடுக்கும் சாட்டில், மெல்லச் சொன்னார். "கலியாணம் நடந்தது எனக்குத் தெரியும் தம்பி. அவள் என்ரை கூறையைத்தான் கட்டினவளோ எண்டது இன்னும் தெரியாது."

ஒரு கசற்

அந்தக் கலியாணத்தின் வீடியோ கசற் கனடாவிலிருந்து வந்தது. ஒன்றே ஒன்று. கொண்டு வந்தவருக்கு இரண்டு வீட்டையும் தெரியும். எந்த வீட்டில் கொடுத்தாலும் மற்ற வீடு கோபிக்கும் என்று பயந்து, என் கடையில் வைத்துவிட்டுச் சைக்கிளில் ஏறிவிட்டார். அன்று தொடக்கம் நான் வேலியின் இரண்டு பக்கமும் ஓடினேன். பிறகு ஓடுவதை விட்டுவிட்டு வேலியின் கரையில் நின்றேன். கிடுகுக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். இருவருக்கும் இருவர் சொல்வதும் நன்றாகக் கேட்கும். ஆனால் சொல்வதெல்லாம் என்னிடம்தான்.

"அவரிட்டைச் சொல்லுங்கோ தம்பி, மாப்பிளையைப் பெத்த வீட்டிலைதான் முதல் பாக்கவேணும் எண்டு."

"அவவிட்டைச் சொல்லுங்கோ தம்பி, கலியாணம் நடக்கிறது பொம்பிளை வீட்டிலை எண்டு."

"கனடாவிலை நடந்த கலியாணத்துக்கு இஞ்சை ஆற்றை வீடு எண்டு கேளுங்கோ."

"அப்ப அங்கை போய்ப் பாக்கட்டாம் எண்டு சொல்லுங்கோ."

ஒரே நேரத்தில் இரண்டு வீட்டிலும் ஓடவிடலாம், பெட்டி இருக்கிறது, பூஸ்டர் இருக்கிறது என்றேன். அதற்கு இருவரும் தலையாட்டினார்கள். ஆனால் டெக் யார் வீட்டில் இருப்பது? மறுபடி தொடங்கியது. வேலியடியில் நின்ற பவளம் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. அவர் எரிச்சலில் சொன்னதுதான் எனக்கு நல்ல யோசனையாகப் பட்டது. "ஒரு வீட்டிலையும் வேண்டாம் தம்பி. டெக்கைக் கொண்டுபோய் வேலியிலை கட்டித் தொங்கவிடுங்கோ."

துண்டுத் துணி

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். நாலரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும். அதற்கு முதல் கசற்றைத் தொடங்கிவிட வேண்டும் என்பதில் மட்டும் இரண்டு வீடும் ஒற்றுமை. பொட்டைக் கட்டியிருந்த கிடுகை அவிழ்த்தேன். பொட்டின் நடுவில் ஒரு முக்காலி, அதன்மேல் டெக், மேலே ஒரு குடை. டெக்குக்கு அக்கா வீட்டுக் கரண்ட். பூஸ்டருக்குத் தம்பி வீட்டுக் கரண்ட். அங்கிருந்து கிழக்கே ஒரு வயர், மேற்கே ஒரு வயர். இரண்டு விறாந்தையிலும் நல்ல நிற ரீவி. ஒவ்வொரு வீட்டிலும் உறவினர்கள் சிலர் பாயில் குந்தியிருந்தார்கள். கூரை வயரை இரண்டு வீட்டிலும் கவனமாகக் கழற்றினேன். இம்முறை ஒருவரும் மறுக்கவில்லை.

ரீவிகளின் நிறத்தைச் சரிபார்க்க என்னிடமிருந்த ஒரு பழைய படத்தைப் போட்டேன். மகேஸ் அக்கா உள்ளே போய் ஒரு சின்னத் துணியைக் கொண்டுவந்தார். கூறையோடு சட்டைக்கென்று வாங்கிய துணியில் ஒரு துண்டை வெட்டி வைத்திருந்தார். அதே அரக்குச் சிவப்பு. படத்தில் அந்த நிறத்தில் ஒரு சேலை வந்தபோது, துண்டுத் துணியைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, கொஞ்சம் கூட்டுங்கோ, கொஞ்சம் குறையுங்கோ என்று எனக்கு வேலை தந்தார். தெல்லிப்பழை அம்மாவை நினைத்துக்கொண்டு நானும் பொறுமையாகத் திருகினேன். கடைசியில் திரையும் துணியும் ஒன்றாகத் தெரிந்தன. மகேஸ் அக்கா துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "நிறம் இதுதான். இனி எனக்கு ஒருத்தரும் ஒளிக்கேலாது."

கனடா வேகம்

கனடாக் கசற்றைப் போட்டு அழுத்தினேன். இரண்டு வீட்டிலும் திரை முழுக்கக் கோடு. எடுத்துத் துடைத்துப் போட்டேன், கோடு. அப்போதுதான் டெக்கின் பின்பக்கத்துச் சுவிச்சுக்கு வேலை வந்தது. அதை ஒரு நிலை தள்ளினேன். கோடு போய் ஆட்கள் தெரிந்தார்கள். ஆனால் நிறம் இல்லை. படமும் நிற்கவில்லை, கீழிருந்து மேலே ஓடிக்கொண்டே இருந்தது.

காரணம் எளிது. எங்கள் நாட்டு ரீவி ஒரு செக்கனுக்கு ஐம்பது தடவை திரையை மேலிருந்து கீழ் வரைக்கும் எழுதி முடிக்கும். கனடாவில் அறுபது தடவை. மெதுவாக எழுதப் பழகிய பிள்ளைக்கு ஆசிரியர் வேகமாகச் சொல்வதெழுதுதல் சொன்னால், பிள்ளை வரியைத் தவறவிட்டுவிடும். எங்கள் ரீவி இரண்டும் வரியைத் தவறவிட்டன. நிறத்தைச் சொல்லும் முறையும் அங்கே வேறு. எனவே நிறம் அவற்றுக்கு விளங்கவே இல்லை.

இதை விளக்க எனக்கு அவகாசம் தரவில்லை. "அவை அங்காலை வயரைப் பிடிச்சு இழுக்கினம் போல" என்று மேற்கிலிருந்து பவளம் அக்காவின் குரல் வந்தது. கிழக்கிலிருந்து மகேஸ் அக்கா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, என்ரை பிள்ளையின்ரை தலைக்கு மேலை கால் ஓடுது. உவன் அங்காலை என்னத்தைத் திருகிறான் எண்டு கேளுங்கோ."

வெயிலின் தீர்ப்பு

என் கடையில் ஒரு சின்னக் கறுப்பு வெள்ளை ரீவி இருந்தது. மிகப் பழையது. புதிய ரீவிகளில் இல்லாத ஒன்று அதன் பின்னால் உண்டு: ஓடும் படத்தைப் பிடித்து நிறுத்தும் ஒரு திருகாணி. சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். ரீவியைக் கரியரில் வைத்து ரியூப்பால் கட்டி, ராகு காலத்துக்கு முன்னரே வந்து சேர்ந்தேன். அந்தச் சின்ன ரீவி ஒன்றுதான் படத்தை நிறுத்தும். எனவே ஒரே ரீவி, ஒரே இடம் என்று அறிவித்தேன். நடுவில்தானே என்று இரு பக்கமும் சம்மதித்தன. பொட்டில் டெக்குக்குப் பக்கத்தில் அதையும் வைத்தேன்.

பிறகுதான் எல்லோருக்கும் ஒரு விசயம் விளங்கியது. ரீவிக்கு முகம் ஒன்று. அது கிழக்கே பார்த்தால் மேற்கில் இருப்பவர்களுக்கு முதுகு. இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் வானத்தைப் பார்த்தேன். பின்னேர வெயில் மேற்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. மேற்கே பார்க்க வைத்தால் திரையில் வெயில் பட்டு ஒன்றும் தெரியாது. ஆகவே ரீவியைக் கிழக்கே திருப்பினேன். வெயிலோடு வழக்குப் பேச முடியாதே.

 "எனக்கு என்ரை பிள்ளையைப் பாக்கவேணும்" என்று சொல்லிப் பவளம் அக்கா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முக்காலியை ஒட்டிக் குனிந்து பொட்டால் மற்றப் பக்கம் போனார். அவருக்குப் பின்னால் உறவினர்களும் போனார்கள். சிவலிங்கண்ணை மட்டும் அசையவில்லை. ரீவியின் முதுகைப் பார்த்தபடி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நான் இஞ்சையே நிக்கிறன் தம்பி. எனக்குச் சத்தம் கேட்டால் காணும்."

இப்ப தெரியுதோ?

அந்தப் பழைய ரீவிக்கு ஒரு பழக்கம். சூடேறச் சூடேறத் திருகாணி நழுவும். நழுவினால் படம் ஓடும். யாராவது பின்னால் நின்று பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நானோ டெக்கின் முன்பக்கத்தில் கோடு வராமல் இன்னொரு சக்கரத்தைத் திருகிக்கொண்டிருந்தேன். பின்பக்கத்தில் நின்றவர் ஒருவர்தான். "அண்ணை, உந்தத் திருகாணியைக் கொஞ்சம் பிடியுங்கோ" என்றேன். அவர் பிடித்தார்.

படம் வந்தது. மாப்பிள்ளை ஊர்வலம். குமரனின் முகம் திரைக்கு வந்து, மெல்ல மேலே நழுவத் தொடங்கியது. பின்னாலிருந்து சிவலிங்கண்ணை, ஒருவரையும் குறிப்பிடாமல், "இப்ப தெரியுதோ?" என்றார்.  பவளம் அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கியிருந்தார். உறவினர்கள் எல்லோரும் மகேஸ் அக்காவைப் பார்த்தார்கள். மகேஸ் அக்கா என்னைப் பார்த்தார். நான் டெக்கைப் பார்த்தேன்.

"இப்ப தெரியுதோ?"

மகனின் தலை திரையின் விளிம்பைத் தாண்டிவிட்டது. முகத்தில் நாடி மட்டும்தான் மிச்சம். மகேஸ் அக்கா தொண்டையைச் செருமினார். "மற்றப் பக்கம்."

"இப்ப?"

"காணாது. இன்னும் கொஞ்சம்."

"இப்ப?"

குமரன் இறங்கி வந்து நடுத்திரையில் நின்றான். மகேஸ் அக்கா தன்னை அறியாமல் பாயிலிருந்து முன்னுக்கு நகர்ந்தார். "நிக்குது சிவம். கையை எடுத்துப்போடாதை."

கோபுரக் கரை

பிறகு அந்த இடம் வந்தது. தட்டில் கூறையைக் கொடுக்கிறார்கள். வதனி வாங்கிக்கொண்டு உள்ளே போகிறாள். கூறை கட்டிக்கொண்டு திரும்பி வருகிறாள். மகேஸ் அக்கா இடுப்பிலிருந்து துண்டுத் துணியை எடுத்துத் திரையில் வைத்தார். துணி அரக்குச் சிவப்பு. திரையில் சேலை சாம்பல். பக்கத்தில் நின்ற தோழியின் சேலை சாம்பல். ஐயரின் சால்வை அதைவிடக் கொஞ்சம் வெளிறிய சாம்பல். நிறத்தை மட்டுமே அடையாளமாக நம்பி அவ்வளவு பாடுபட்ட மனுசி, துணியைக் கையில் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பவளம் அக்காவைக் கேட்டும் பயனில்லை. அவர் அந்தக் கூறையைக் கண்டதே இல்லை. கண்டவர் உலகத்தில் இன்னொருவர்தான். அவர் ரீவிக்குப் பின்னால் நின்றார்.

"சிவம், இஞ்சை வா. வந்து பார்."

"விட்டால் படம் ஓடுமெல்லே."

"அதைத் தம்பி பிடிப்பார். நீ வா."

நான் பின்னால் போய்த் திருகாணியைப் பிடித்தேன். சிவலிங்கண்ணை பொட்டால் குனிந்து போனார். பிறகு நடந்ததில் பெரும்பகுதியை நான் காதால்தான் கேட்டேன். கசற்றை மறுபடி சுற்றச் சொன்னார்கள். என் இடது கை திருகாணியில், வலது கை எட்டிப்போய் டெக்கில். வதனி மறுபடி உள்ளே போய் மறுபடி கூறையோடு வந்தாள்.  எட்டிப் பார்த்தேன். வெங்காயத் தாளில் பூச்சி தேடுவதுபோல சிவலிங்கண்ணை திரைக்குக் கிட்டக் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோபுரக் கரை" என்றார். "பார், கரை வழிய கோபுரம் கோபுரமாப் போகுது. அண்டைக்குக் கப்பலாலை இறங்கேக்கை நான் சுமந்த அதே கூறைதான்."

"வடிவாப் பாத்துச் சொல்லு."

"பாத்துத்தானே சொல்லுறன். உந்தக் கரை அகலம், கட்டினால் பாரமாயிருக்கும், வேண்டாம் எண்டு கடையிலை வைச்சு உனக்கு எத்தினை தரம் சொன்னனான்."

 மேளச் சத்தத்துக்கு மேலால் மகேஸ் அக்காவின் குரல் வந்தது. "ஓம், சொன்னனீ. இப்ப பார், அதைக் கட்டிக்கொண்டு உன்ரை பிள்ளை என்ன வடிவாயிருக்கிறாள்."

முதுகுப் பக்கம்

குமரன் தாலி கட்டியதை நான் பார்க்கவில்லை. ஆனால் சரியாக எப்போது கட்டினான் என்று தெரியும். முன்னால் இருந்த அத்தனை பேரும் ஒன்றாக மூக்கை உறிஞ்சினார்கள். படம் கொஞ்சம் ஆடியிருக்க வேண்டும். நான் வழக்கப்படி, "இப்ப தெரியுதோ?" என்று கேட்டேன்.  இன்னொரு தடவை கேட்டேன். சிவலிங்கண்ணையின் குரல்தான் வந்தது. "தம்பி, கொஞ்சம் சத்தம் போடாமல் நில்லுங்கோவன். பிள்ளையின்ரை கலியாணமெல்லே நடக்குது."

பொட்டு

எல்லாம் முடிந்ததும் வயர்களைச் சுற்றினேன். பெட்டி, பூஸ்டர், குடை, டெக், சின்ன ரீவி எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். மகேஸ் அக்காவின் விறாந்தையில் தேத்தண்ணி ஓடிக்கொண்டிருந்தது. சிவலிங்கண்ணை ஒரு கதிரையில் இருந்து, கரை அகலமான சேலை கட்டுவதில் உள்ள தீமைகளை விளக்கிக்கொண்டிருந்தார். எடுத்த இடத்தில் எடுத்தபடி வைத்துவிட்டுப் போவது என் பழக்கம். அவிழ்த்த கிடுகைத் தூக்கிக்கொண்டு போய்ப் பொட்டில் வைத்துக் கட்டத் தொடங்கினேன்.

பவளம் அக்கா தேத்தண்ணி குடித்த வெறும் பேணிகளைக் கழுவக் கொண்டு போகிறவர், வழியில் நின்று என்னைப் பார்த்தார். "அதை விடுங்கோ தம்பி. நீங்கள் கட்டுவியள், பிறகு ஆர் இருந்து அவிழ்க்கிறது."

மறுபடி கூரை வயர்

சில மாதம் கழித்து மகேஸ் அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு டெக் கேட்டார். கொண்டுபோய் வைத்தேன். குசினியில் வடை வாசம். அனுபவப்பட்டவன் அல்லவா? ஒரு வார்த்தையும் சொல்லாமல் நேரே ரீவிக்குப் பின்னால் போய், கூரை வயரின் திருகாணியில் கை வைத்தேன்.

"அதைத் தொடாதேங்கோ தம்பி."

"அக்கா, கழட்டாட்டில் அங்காலை தெரியுமெல்லே."

மகேஸ் அக்கா அகப்பையோடு வாசலுக்கு வந்தார். "தெரியட்டும். அவன் தண்ணி மாறிக் களைச்சு வந்து வீட்டிலை குந்தினால் எழும்பான். இருந்தபடி பாக்கட்டும். வடையைப் பொட்டாலை குடுத்துவிடுறன்."

ஒரு டெக்கிலிருந்து இரண்டு வீட்டுக்குப் படம் கொண்டுபோக நான் பெட்டி, பூஸ்டர், வயர் என்று என்னென்னவோ பூட்டிப் பார்த்தேன். கடைசி வரைக்கும் பழுதில்லாமல் வேலை செய்தது, கழற்றத்தான் வேண்டும் என்று நான் மன்றாடிய அந்தக் கூரை வயர் ஒன்றுதான்.